ஏழாவது துளை

வீவக கொடுத்த கெடு திங்கட்கிழமை.
தங்ளின் ஹால்ட் வீட்டில் நாங்கள் மூவரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
அட்டைப்பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தோம்.

சிப்பாயாகத் தாத்தாவுக்கு ஒரு படமும் கிடையாது.
வெள்ளைக்காரன் திரும்பி வந்த வாரம்
முகாமிலிருந்து அவர் அனுப்பியது, கடிதங்களோடு,
விறகடுப்பில் போய்விட்டது.
பயந்து எரித்தது யார் என்பதில்
இன்றும் வீட்டில் இரண்டு கட்சி.
அவர் வந்து சேர்ந்தது பல மாதம் கழித்து.
சட்டை தரை துடைக்கப் போனது.
கால்சட்டை நழுவாமலிருக்க இடுப்புவார் நின்றது.
அரிசி அளக்க
அலுமினியச் சாப்பாட்டுப் பாத்திரம் நின்றது.

வாரில் பித்தளை வளையம் போட்ட துளைகள் மூன்று.
ஆணியால் குத்தியவை நான்கு.
நான்காவது, ரயிலை விட்டு இறங்கி நடந்தபோது.
ஐந்தாவது, மழை பிடித்தபோது.
ஆறாவது, திரும்பச் சொன்ன பிறகு.
இதெல்லாம் என் கணக்கு.
ஏழாவதை எந்த வழியில் வைப்பதென்று தெரியவில்லை.

தெக்கோங்கிலிருந்து விடுப்பில் வந்த என் மகன்
அதைக் கட்டிப் பார்த்தான்.
மூன்றாவதே மூச்சு முட்டியது.
விளையாட்டாகத் தொடையில் சுற்றினான்.
ஏழாவது துளை சரியாகப் பொருந்தியது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அவனே கழற்றி, சுருட்டி,
மேசை ஓரமாக வைத்தான்.

தாத்தா போரைப் பற்றிப் பேசியது ஒரே தடவை.
பள்ளிக்கூடப் பாடத்துக்காக
அண்ணன் ரேமண்ட் பென்சிலும் கையுமாகக் கேட்டபோது
‘மழை’ என்றார்.
கொஞ்சம் பொறுத்து, ‘ரொம்ப மழை.’
அண்ணனுக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண்.

பாத்திரத்தை நான்தான் தேய்த்தேன்.
எழுபது வருஷத்துக் கறை அடியில்.
கம்பி நார் போகப் போக
கத்தி முனையில் கீறிய தமிழ் எழுத்து:
ப. இருளப்பன், சிரம்பான்.
புள்ளி வைத்த இடங்களில்
ஓட்டை விழப் பார்த்த அழுத்தம்.

எங்கள் தாத்தா பெயர் சவரிராயன்.

ஈசூனில் இருக்கும் பெரிய மாமாவுக்குப் போன் போட்டேன்.
காது மந்தம். மூன்று முறை கத்தினேன்:
இருளப்பன், இருளப்பன், இருளப்பன்.
பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்தார்.
அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

‘அப்பா சாப்பிடறதுக்கு முன்னாடி
ஒரு பிடி சோத்த எடுத்து
நடைபாதைச் சுவர்ல வெப்பாரே, ஞாபகம் இருக்கா?
காக்காவுக்குன்னு நெனச்சோம்.
வேதக்காரங்களுக்கு ஏது காக்கா?’

ஞாபகம் இருக்கிறது.
பறவைகளுக்குத் தீனி போடக் கூடாதென்று
நகர மன்றக் கடிதம் வந்ததும்,
அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தியதும்.
அவர் எதிர்த்துப் பேசவில்லை.
அன்றிலிருந்து தட்டிலேயே ஒரு பிடியை
ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துபோவார்.
வீணாக்குகிறார் என்று
நாங்கள் கோபித்துக்கொண்டோம்.

செத்தவனிடமிருந்து எடுத்ததா,
சாகுமுன் அவனே கொடுத்ததா,
பசியில் ஏதாவது நடந்ததா?
மாமாவுக்குத் தெரியாது.
சுவா சூ காங்கில் குழியைத் தோண்டி
எலும்பை எடுத்து மாடத்தில் வைத்தார்களே,
அந்தப் பலகையிலும் இல்லை.
அதில் ஒரு பெயர், இரண்டு தேதி.

வாரை ரேமண்ட் எடுத்துக்கொண்டான்.
தங்கை தையல் இயந்திரத்தை.
பாத்திரத்தை யாரும் கேட்கவில்லை.

புது வீட்டில் அரிசி குக்கரோடு
கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வந்தது.
இரண்டு பேருக்கு ஒன்றரை, என்கிறது காகிதம்.
நான் இருளப்பனால் அளக்கிறேன்.
தினமும் ஒரு பிடி கூடிவிடுகிறது.

அதை என்ன செய்வதென்று
நகர மன்றத்தைக் கேட்க முடியாது.